தாத்தாவின் கோவணத்துக்கும் அருங்காட்சியகத்தில் ஒரு பதிவு எண் வேண்டும்

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாங்க மக்கா, நான் காத்திருக்கிறேன்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் உடுப்பு வெறும் உடுப்பு இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போடும் உரிமைக்காக எவ்வளவு அடிதடி, எத்தனை வீடு எரிந்து, கடைசியில் 1859-இல் திருவிதாங்கூர் அரசாணை வந்தது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தச் சாதி ஆண்களுக்கும் கட்டுப்பாடு இருந்தது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. சாமித்தோப்பில் சமயச் சீர்திருத்தம் செய்த அய்யா வைகுண்டர் அவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னது சும்மாவா? அப்படிப்பட்ட ஊரில், பனையேறியும் ஏர் பிடித்தவரும் ஆயுள் முழுக்கக் கட்டிய கோவணம் ஒன்றைக் காட்டுங்கள் என்றால் யாரிடம் இருக்கும்? பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜாவின் மூலிகைக் கட்டிலைப் பார்க்கலாம், வாளைப் பார்க்கலாம்.

கோவணம் மிஞ்சாததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. வேட்டி கிழிந்தால் கோவணம், கோவணம் நைந்தால் சைக்கிள் துடைக்கிற துணி, அப்புறம் மண்ணோடு மண். தப்பிப்பது ராஜா வீட்டுத் துணிதான். எகிப்தில் 1922-இல் திறந்த துட்டன்காமன் கல்லறையில் 100-க்கு மேல் லினன் கோவணங்கள் இருந்தன. சாதாரண ஆளுடையது கிடைக்க அதிர்ஷ்டம் வேண்டும். ஆஸ்திரியாவில் லெங்பெர்க் கோட்டையைப் பழுதுபார்த்தபோது, 2008-இல், தளத்துக்கு அடியில் கொட்டி நிரப்பியிருந்த குப்பைக்குள்ளிருந்து 15-ஆம் நூற்றாண்டு லினன் ஜட்டி ஒன்று வந்தது, பக்கவாட்டில் நாடா கட்டுவது. பத்திரப்படுத்தியிருந்தால் போயிருக்கும், குப்பையில் போட்டதால் பிழைத்தது! லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2016-இல் உள்ளாடைக்கென்றே கண்காட்சி வைத்தது. அங்கேயும் பெண்களுடையதுதான் மிகுதி.

சரி, ஒரு கோவணம் கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். பதிவேட்டில் என்ன எழுதுவது? நீளம், அகலம், பருத்தி, வெள்ளை என்று எழுதி நிறுத்தினால் நாளைக்கு எடுத்துப் பார்ப்பவனுக்கு அது ஏதோ ஒரு துண்டு. அரைஞாண் இல்லாமல் கோவணம் கோவணமே இல்லை, முன்னால் செருகிப் பின்னால் எப்படி இழுத்துச் சொருகினார்கள் என்பதும் சேர்ந்தால்தான் பொருள் முழுமையாகும். மரம் ஏறுகிறவர் இறுக்கிக் கட்டுவதும் வீட்டுத் திண்ணையில் இருப்பவர் தளரக் கட்டுவதும் ஒன்றா?

பட்டாபட்டி அண்டிராயர் கொஞ்சம் பேசும். நாடா கோர்த்த மடிப்பு, பீடியும் சில்லறையும் வைக்கிற பை, அந்தப் பையின் வாயில் மட்டும் இரட்டைத் தையல், உட்கார்ந்து தேய்ந்த இடத்தில் வேறு துணியில் ஒட்டு. ஓரத்தில் சலவைக்காரர் சேங்கொட்டைச் சாற்றில் போட்ட குறி இருந்தால் அதுதான் புதையல். எத்தனை முறை வெளுத்தாலும் போகாது, எந்த வீட்டுத் துணி என்று அவருக்கு மட்டும் தெரியும். தையலும் பொத்தானும் காலத்தைச் சொல்லும், ஒட்டு வீட்டு நிலைமையைச் சொல்லும். கறையைப் பார்த்து மூக்கைப் பொத்தாதீர்கள், பதநீர்க் கறையும் சுண்ணாம்பும் அந்த ஆள் என்ன வேலை செய்தார் என்பதற்குச் சாட்சி. சுத்தமாக இருக்கட்டும் என்று வெளுத்துத் தேய்த்துக் கொடுத்தால் பாதிக் கதை தொட்டியோடு போயிற்று.

அதனால் பழைய டிரங்குப் பெட்டியில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் துவைக்காமல், பாச்சை உருண்டை துணியில் படாமல், வெளுத்த மல்லுத்துணியில் சுற்றி வையுங்கள். யார் கட்டியது, என்ன வேலை, யார் தைத்தது என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறிவிடும். பெயர் போடக் கூச்சமா, வேண்டாம், தொழிலும் ஊரும் போதும். அப்புறம் வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால், கட்டுகிற விதத்தை வேட்டிக்கு மேலேயே கட்டிக் காட்டச் சொல்லி போனில் எடுத்து வையுங்கள். திட்டுவார்தான், திட்டுவதையும் சேர்த்தே எடுங்கள்.