கேமராவைக் கண்டால் வரும் கேள்விகள்

பங்குனி மாலையில் குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது அவ்வளவு பெரிய குற்றமா? வழக்கமாக ஜனவரி 28இல் மேட்டூர் அணை மூடப்பட்ட பிறகு ஆறு வெறும் மணலாகிவிட, மதகடியில் மிஞ்சிய ஒரே மடுவுக்கு மீன் தேடி வரும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி, அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, பிறகு தலைகீழாகப் பாயும் அந்த ஒரு நொடியைத்தான் நான் கேட்கிறேன். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்கு வைத்து, மூச்சை அடக்கிக் காத்திருக்கையில், சரியாக முதுகுக்குப் பின்னால் ஒரு பைக் வந்து நிற்கும். இன்ஜினை அணைக்க மாட்டார். ஹாரனை மட்டும் மறக்காமல் அடிப்பார்.

“என்ன தம்பி, ரோடு போட அளக்குறீங்களா?” “இந்தக் கேமரா என்ன விலை வரும்?” “காதுகுத்துக்குப் போட்டோ எடுப்பீங்களா?” அடுத்து வருபவர், ஹைட்ரோகார்பன் கம்பெனி ஆளா என்று விசாரணையே தொடங்கிவிடுவார். (அவரைக் குறை சொல்ல மாட்டேன், 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த பிறகும் இங்கே அந்தப் பயம் விட்டபாடில்லை.) ஆனால், பறவையைப் படம் எடுக்கிறேன் என்றதும், “எங்கே?” என்று கையை நீட்டியபடி மடுவை நோக்கி நாலடி நடந்து, மீன்கொத்தியோடு மடையான் கொக்கையும் சேர்த்துக் கிளப்பிவிட்டு, “ஒண்ணையும் காணோமே!” என்று என்னையே சந்தேகமாகப் பார்ப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆறரைக்கெல்லாம் வெளிச்சம் போய்விடுகிறது. நேற்று எடுத்த 40 படங்களில் 38இல் தண்ணீர் மட்டுமே இருக்கிறது. மீதி இரண்டில், வலது ஓரத்தில், அந்த அண்ணனின் சுட்டுவிரல் மிகத் துல்லியமாகப் பதிந்திருக்கிறது.