'டெய்ன்டட் லவ்' இல்லாவிட்டால் தோல்வி ஆல்பமா?

நேற்று முழுக்க எல்லாரும் பகிர்ந்துகொண்டிருந்த அந்தத் தரவரிசையை நானும் பார்த்தேன். 'டெய்ன்டட் லவ்' பாட்டால் பேரெடுத்த பிரிட்டிஷ் சிந்தசைசர் பாப் இரட்டையர் சாஃப்ட் செல்லின் ஆல்பங்களில் 'தி ஆர்ட் ஆஃப் ஃபாலிங் அபார்ட்' கடைசி இடத்தில். காரணம் ஒரே வரி: "ஹிட் இல்லை, இங்கேதான் விழுந்தார்கள்." ஆல்பத்தைக் கேட்டவர் எழுதுகிற வரியா இது? மனசு ஆறவே இல்லை.

விழவில்லை. 1981இல் வந்த முதல் ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் 5ஆம் இடம் வரை போனது. 1983 ஜனவரியில் வந்த இதுவும் அதே 5ஆம் இடம். இறங்கியது இதிலிருந்து தனியாக வந்த சிங்கிள்கள்தான்: 'வேர் தி ஹார்ட் இஸ்' 21, 'நம்பர்ஸ்' 25. வீட்டோடு ஒட்டாத பிள்ளையைப் பற்றியும், பெயர்கூடக் கேட்காமல் இரவுக்கு ஒருவரோடு போகிற வாழ்க்கையைப் பற்றியும் பாடினால் ரேடியோக்காரன் எத்தனை முறை போடுவான்?

'டெய்ன்டட் லவ்' அவர்கள் எழுதிய பாட்டே இல்லை. எட் காப் எழுதி, குளோரியா ஜோன்ஸ் அறுபதுகளில் பாடியது. பிரிட்டனில் இசைத்தட்டின் மறுபக்கத்தில் போட்டதும் சுப்ரீம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழுவின் பாட்டு. அதனால் அமெரிக்கப் பட்டியலில் 43 வாரம் நின்ற 'டெய்ன்டட் லவ்' பாட்டுக்கு, பாட்டெழுதியவருக்குப் போகிற ராயல்டி இவர்களுக்கு வரவே இல்லை. இந்த ஆல்பத்தின் எட்டுப் பாட்டும் பாடகர் மார்க் ஆல்மண்டும் சிந்தசைசர் வாசிக்கிற டேவ் பாலும் சேர்ந்து எழுதியவை. ஆனாலும் 'நம்பர்ஸ்' விற்கவில்லை என்று அவர்களின் இசைத்தட்டு நிறுவனமான ஃபோனோகிராம் என்ன செய்தது? பழைய 'டெய்ன்டட் லவ்' தட்டைச் சேர்த்துக் கட்டி இலவசமாகத் தந்தது. ஆல்மண்டும் மேனேஜர் ஸ்டீவோவும் நிறுவனத்தின் அலுவலகத்துக்கே போய்ச் சுவரில் மாட்டியிருந்த தங்க இசைத்தட்டு விருதுகளை உடைத்தார்கள். உடைத்தது சரியா என்று கேட்காதீர்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. நேற்றைய பட்டியலும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது.

"ஆல்மண்டுக்குச் சுருதி நிற்காது" என்பீர்கள். நிற்காதுதான், ஒப்புக்கொள்கிறேன். 'கிச்சன் சிங்க் டிராமா'வைச் சுத்தமான குரல் பாடினால் அந்தப் பாட்டில் வருகிற பெண்ணை யார் நம்புவார்?

"சத்தம் மெலிசாக இருக்கிறது" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபோன் ஸ்பீக்கரில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழ்ந்த ஒலி அநேகமாக வராது. டேவ் பாலின் சிந்தசைசர் பேஸ் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அது போய்விட்டால் மிச்சம் குரலும் இரைச்சலும்தான். காதை மூடுகிற ஹெட்ஃபோன் போடுங்கள், பேஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள். இன்னொன்று: எட்டாவது பாட்டோடு நிறுத்துங்கள். 'மார்ட்டின்', ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் பாட்டுகளைக் கோத்த மெட்லி இரண்டும் எல்பியோடு தனி 12 அங்குலத் தட்டாக வந்தவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேல். சிடியில் அவற்றை வால் மாதிரி ஒட்டியதால்தான் பலர் களைத்துப்போய் "இழுவை" என்கிறார்கள்.

அதே பட்டியலில் 1984இன் 'திஸ் லாஸ்ட் நைட் இன் சோடம்' இரண்டாம் இடம், "துணிச்சலான முரட்டு ஒலி" என்ற பாராட்டோடு. அந்த முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது? 'தி ஆர்ட் ஆஃப் ஃபாலிங் அபார்ட்'டில் உள்ள 'ஹீட்', 'பேபி டால்' இரண்டையும் நடுவில் நிறுத்தாமல் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.