கொம்பு எந்தப் பக்கம்?

"உங்க பையனை டியூஷன்ல சேர்க்கலையா?" என்று பள்ளி வாசலில் ஒரு அம்மா கேட்டார். இல்லை என்றேன். ஐயோ பாவம் என்பதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அங்கே பதில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினேன். பள்ளியில் ஒரு தடவை, டியூஷனில் ஒரு தடவை, ராத்திரி என்னிடம் ஒரு தடவை என்று ஒரே பாடத்துக்கு மூன்று முறை திட்டு வாங்கினான். 'சோம்பேறி' என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். அதை நானும் நம்பினேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வேலூர் பாகாயத்துக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்த பிறகுதான் டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்குகிற கற்றல் குறைபாடு என்று தெரிந்தது. பாகாயம் என்றதுமே மாமியார் முகம் மாறிவிட்டது. மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடமாச்சே!

"தமிழ் எழுதுற மாதிரியே படிக்கிற மொழி, இதுல என்ன கஷ்டம்?" என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். 'கெ' எழுதிப் பாருங்கள். கையில் கொம்பு முதலில் வருகிறது, வாயில் 'க்' முதலில் வருகிறது. 'கொ' என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. அதே 'க' கடலில் ஒரு சத்தம், பகலில் வேறு சத்தம். நமக்குப் பழகிவிட்டது. அவனுக்கு ஒவ்வொரு வரியும் புதுசு.

இப்போது வீட்டில் எழுத்துக்குப் பதினைந்து நிமிஷம், அவ்வளவுதான். தட்டில் கோலமாவு பரப்பி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவான். மற்ற பாடங்களை நான் படித்துக் காட்டுகிறேன். 1806 வேலூர்ப் புரட்சிப் பாடத்தைப் புத்தகத்தில் பார்த்து அழுதவனைக் கோட்டைக்குக் கூட்டிப்போய், அகழி ஓரமாக நடந்துகொண்டே சொன்னேன். புதுத் தலைப்பாகையால் சிப்பாய்களுக்கு வந்த கோபம், கோட்டைக்குள் இருந்த திப்புவின் பிள்ளைகள், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி, எல்லாவற்றையும் அன்று ராத்திரி பாட்டியிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். "ஆற்காட்டுல இருந்து குதிரையில வர எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று என்னிடம் ஒரு கேள்வி வேறு. சோம்பேறி கேட்கிற கேள்வியா இது?

கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆகிவிடும் என்று வீட்டில் தயங்கினார்கள். டைரியில் விழுந்தது முத்திரை இல்லையாமா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாட விலக்கு என்றெல்லாம் சலுகை இருக்கிறது. மொழி விலக்கு எனக்கு மனசில்லை, அதை அப்புறம் அவனையே கேட்டுக்கொள்ளலாம். நேரத்தை மட்டும் கேட்டு வாங்காமல் விடமாட்டேன்.

நேற்று கடைக்குச் சீட்டு எழுதச் சொன்னேன். 'கெத்தமல்லி' என்று எழுதிவிட்டு அவனே நிறுத்தினான். "பின்னாடி ஒரு ஆள் குறையுதுல்ல" என்று துணைக்கால் போட்டான். கீழே 'மிலகாய்' என்று இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.