ஸ்கூல் போர்டுக்கு எதுக்குங்க கட்சி?

ஸ்கூல் போர்டு என்றால் அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்த மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு. ஃபுளோரிடா மாநிலத்தில் அந்தத் தேர்தலைக் கட்சித் தேர்தலாக்க 2024 நவம்பரில் ஒரு அரசியல் சட்டத் திருத்தத்தை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். தோற்றுப்போனது. ஆனால் சுமார் 55 சதவீதம் பேர் ஆதரித்திருக்கிறார்கள், அங்கே அரசியல் சட்டத்தைத் திருத்த 60 சதவீதம் வேண்டும் என்பதால்தான் ஸ்கூல் போர்டு தப்பித்தது. 1998-ல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு நீக்கிய கட்சிப் பெயர் இது. மறுபடி வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாக்குச்சீட்டில் நாலைந்து பெயர் இருக்கும், ஒருத்தரையும் தெரியாது, எதை வைத்துப் போடுவது? அதுவும் 2022-ல் ஆளுநர் டிசாண்டிஸே தன் ஆதரவு வேட்பாளர்கள் என்று பட்டியல் வெளியிட்ட பிறகு கட்சி இல்லை என்று யாரை ஏமாற்றுவது? நம்மூர் ஊராட்சித் தலைவர் தேர்தல் கதைதான். சின்னம் பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று இருக்கும், யார் எந்தக் கட்சி என்று டீக்கடைக்கே தெரியும்.

சரி, அப்புறம் ஏன் எதிர்க்கிறேன்? பிரைமரிதான் காரணம், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் முதல்கட்டத் தேர்தல். ஃபுளோரிடாவில் கட்சியின் பிரைமரியில் பொதுவாக, வாக்காளராகப் பதியும்போது அந்தக் கட்சியைக் குறித்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போட முடியும். ஒரே கட்சி கொடிகட்டிப் பறக்கும் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பிரைமரியில் ஜெயித்தவர்தான் போர்டு மெம்பர், நவம்பர் பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர்கள் அந்த மாநிலத்தில் 30 லட்சத்துக்கும் மேல். குடியுரிமை வாங்கியதும் நமக்கேன் வம்பு என்று 'கட்சி இல்லை' பெட்டியில் டிக் அடித்த நம்மவர்களும் இதில் சேர்த்தி. சொத்து வரி கட்டுவார்கள், பிள்ளையை அந்தப் பள்ளிக்குத்தான் அனுப்புவார்கள், ஆனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கதவு சாத்தியிருக்கும்.

இன்னொன்று, இதை யாருமே பேசுவதில்லை. ஹேட்ச் சட்டப்படி அமெரிக்க மத்திய அரசு ஊழியர் கட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது, கட்சி சாராத தேர்தலில் நிற்கலாம். ஃபுளோரிடாவின் பிரெவார்டு கவுண்டியில் நாசாவின் கென்னடி விண்வெளி மையம் இருக்கிறது. அங்கே நாசா சம்பளம் வாங்கும் பொறியாளர் ஒருவர் பள்ளிகளில் கணக்குப் பாடம் சரியில்லை, நானே நிற்கிறேன் என்று இன்றைக்குக் கிளம்பலாம். கட்சித் தேர்தலாக்கிவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா என்பார்கள். யார் வருவார்?

போர்டு வேலை என்ன பெரிய கொள்கை வேலையா? பெரும்பாலும் பஸ் ரூட், பட்ஜெட், எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளி என்கிற எல்லைச் சண்டை. நூலகத்தில் எந்தப் புத்தகம் என்கிற சண்டையும் உண்டு, அதைத்தான் டிவியில் காட்டுவார்கள்.

இந்தியானா மாநிலத்தில் ஸ்கூல் போர்டு தேர்தலுக்கு 2025-ல் போட்ட சட்டம் பரவாயில்லை என்பேன். பிரைமரி கிடையாது, நவம்பர் சீட்டில் வேட்பாளர் விரும்பினால் கட்சியைப் போட்டுக்கொள்ளலாம், விட்டுவிடவும் செய்யலாம். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை, ஆனால் யாரையும் வெளியே நிறுத்தவில்லை.

ஃபுளோரிடா நண்பர்களுக்கு ஒன்று. ஸ்கூல் போர்டு தேர்தல் ஆகஸ்டில் பிரைமரி நாளிலேயே நடக்கும், கட்சியில் பதியாதவர்களும் அதில் ஓட்டுப் போடலாம். நமக்கு பிரைமரி கிடையாதே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.