தனி ஆளா நின்னீங்களா, சரி

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி விழாவில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் சுற்றிவிட்டது, திரும்பச் சொல்லப்போவதில்லை. மேடையில் நின்ற, எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் சொன்ன "யார் தயவும் இல்லாம தனி ஆளா நின்னு ஜெயிச்சேன்" என்ற வரிக்கு அத்தனை கைதட்டல். நானும் தட்டினேன். பழக்கதோஷம்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, சத்தியமாக. அந்த வரிதான் மூன்று நாளாகத் தொண்டையில் நிற்கிறது. தனி ஆளாக நின்ற பெண் என்று யாரும் கிடையாது. பின்னால் எவளோ ஒருத்தி பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதுவும் எந்த மண்ணில் நின்று இதைச் சொல்கிறோம்? கொண்டுவிற்கப் போகிறேன், அதாவது வியாபாரத்துக்குப் போகிறேன் என்று செட்டியார் வீட்டு ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறினால் திரும்ப மூன்று வருஷம் ஆகும். அதுவரை அத்தனை பெரிய வீடுகளைக் கட்டி ஆண்ட ஆச்சிமார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துத்தான் நாளை ஓட்டினார்கள். என் அப்பத்தா அப்படி ஒரு வீட்டுக்குப் பலகாரம் சுடப் போனவர். கூலிக்குத்தான், மறைக்க ஒன்றுமில்லை. கல்யாணம் வந்தால் இரண்டாங்கட்டில் ஒரே கூட்டம். மனகோலம் என்கிற பாகு இனிப்புக்கு ஒருத்தி மாவு பிசைய, ஒருத்தி பிழிய, ஒருத்தி பாகு காய்ச்ச. பதம் தப்பினால் மொத்தமும் போச்சு. அதனால் இரண்டு பேராவது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்த பிறகுதான் "கொட்டுடி" என்பார்களாம். யார் வீட்டுக்குக் கடுதாசி வரவில்லை, யார் ராத்திரி அழுதாள், எல்லாம் அந்த அடுப்படியில்தான் தெரியும்.

என் கதைக்கு வருகிறேன். 2019-இல் கர்ப்பப்பை ஆபரேஷன். வீட்டுக்காரர் சார்ஜாவில். யாரிடமும் சொல்லவில்லை. "நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு திமிர், மேடையில் கேட்டோமே அதே திமிர்தான். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தண்ணீர்க் குடத்தை நகர்த்த முடியாமல் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆத்தங்குடிக் கல், ஜில்லென்று இருந்தது. அங்கேயே அழுதேன். பின் தெருவில் தைக்கிற அக்கா ஜாக்கெட் கொடுக்க வந்தவர், என்னைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடத்தைத் தூக்கி வைத்தார், ரசம் வைத்தார், பதினெட்டு நாள் வந்தார். போகும்போது மட்டும், "கூப்பிட்டிருந்தா கொறைஞ்சா போயிருவ?" என்றார்.

இப்போது வருவீர்கள், தெரியும். "பொம்பளைங்க கூடினா புறணிதானே?" ஆமாம், பேசுவோம். டீக்கடை பெஞ்சில் நீங்கள் திருக்குறளா ஒப்பிக்கிறீர்கள்? "பெண்ணுக்குப் பெண்தான் எதிரி." இதைச் சொன்னவர் எவரும் பிரசவ அறைக்கு வெளியே விடிய விடிய உட்கார்ந்த சித்தியைப் பார்த்ததில்லை போல. "நம்பினவளே சீட்டுப் பணத்தோட போயிட்டாளே உனக்கு?" போனாள். அது வேறு கதை.

"அப்போ தன்னம்பிக்கையே வேண்டாங்கிறியா?" நான் எங்கே சொன்னேன்? தன்னம்பிக்கை இருக்கிறவளுக்கும் ஜாமீன் கையெழுத்து வேண்டியிருக்கிறது. 1989-இல் தருமபுரியில் அரசு மகளிர் சுய உதவிக் குழுக்களை ஆரம்பித்தது எதற்கு? சொத்துப் பத்திரம் இல்லாதவளை பேங்க் வாசலில் யாரும் மதிக்காததால்தான். 12 பேர், 20 பேர் சேர்ந்து நாங்கள் இருக்கிறோம் என்று நின்றால் கடன் கிடைத்தது. மேடையில் நின்றவரின் முதல் கடனும் அப்படி வந்ததுதான். அந்தக் கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"அப்போ உன் பேரைச் சொல்லலைன்னு கோபம், அவ்வளவுதானே?" என்று நேற்றே இன்பாக்ஸில் ஒருத்தி. இல்லை. சரி, கொஞ்சம் ஆமாம். மொய் நோட்டில் 101 ரூபாய் எழுதினவர் பேரைப் பத்திரமாக வைக்கிற ஊர், கரண்டியில்கூடப் பேர் வெட்டுகிற ஊர். என் அப்பா பிறந்தபோது அந்த வீட்டு ஆச்சி எங்களுக்குக் கொடுத்த பித்தளைத் தூக்குவாளியில் கூலிக்காரி பேரைத்தான் வெட்டிக் கொடுத்தார். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்பாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது.

மேடையில் நின்றவரே, அந்தத் தூக்குவாளியில்தான் உங்கள் பெண் டெங்குவில் கிடந்தபோது ஒன்பது நாள் கஞ்சி வந்தது. அது இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறது. மூடியும். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன். காபியெல்லாம் வேண்டாம்.