வெள்ளை இடத்தை மட்டும் காப்பியடிக்கிறோம்

விளம்பரத்தில் எளிமை என்றதும் நம் ஆட்கள் வெள்ளை இடத்தைத்தான் பேசுகிறார்கள். சின்னதாக ஒரு படம், ஒல்லியான எழுத்து, சுற்றிலும் காலி. ரெஃபரன்ஸ் என்று ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் 1959 விளம்பரத்தைக் காட்டுவார்கள். எனக்கு அந்த விளம்பரம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டது தப்பு என்று நினைக்கிறேன்.

அந்தக் கால அமெரிக்காவை நினைத்துப் பாருங்கள். காடிலாக்கின் பின்பக்கம் ராக்கெட் மாதிரி இரண்டு துடுப்புகள் நிமிர்ந்து நிற்கும். கார் விளம்பரங்கள் பலவற்றில் ஃபோட்டோகூட இருக்காது. ஓவியமாக வரைந்து, வண்டியை இருப்பதைவிட நீளமாகவும் அகலமாகவும் காட்டுவார்கள். இதற்கு நடுவில் விற்க வேண்டியது ஒரு குட்டி ஜெர்மன் கார். அதுவும் ஹிட்லர் காலத்தில் உருவான கார்; போர் முடிந்து பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை.

டாயில் டேன் பெர்ன்பாக் ஏஜென்சியில் ஹெல்முட் க்ரோன் வடிவமைத்தார், ஜூலியன் கோனிக் எழுதினார். மேலே ஓர் ஓரமாகச் சின்னஞ்சிறு கார், மீதியெல்லாம் வெறுமை, தலைப்பு 'திங்க் ஸ்மால்'. எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். மற்ற கார்களுக்கு ஐந்து குவார்ட் எஞ்சின் ஆயில் என்றால் இதற்கு ஐந்து பைண்ட், அதாவது சரிபாதி. குளிரில் எஞ்சின் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றும் ஆன்டி-ஃப்ரீஸ் இதற்கு வேண்டவே வேண்டாம். ஒரு செட் டயர் 40,000 மைல் ஓடும். அப்புறம் சின்ன இடத்தில் பார்க் செய்யலாம், இன்சூரன்ஸ் சின்னது, ரிப்பேர் பில்லும் சின்னது. 'உலகத்தரம்', 'நம்பர் ஒன்' என்று ஒரு சொல் கிடையாது.

அடுத்த வருஷம் வந்த 'லெமன்' விளம்பரம் இன்னும் துணிச்சல். அமெரிக்காவில் பழுதான வண்டியைத்தான் லெமன் என்பார்கள். தன் காரின் படத்தைப் போட்டு, அடியில் அந்த ஒரே சொல். ஏன் என்று கீழே விளக்கம்: டேஷ்போர்டு டப்பாவின் குரோம் பட்டையில் ஒரு சின்னக் கறை, அதனால் இந்த வண்டி அனுப்பப்படவில்லை. வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் சோதிப்பதை மட்டுமே வேலையாகச் செய்பவர்கள் 3,389 பேர், தினமும் தயாராவது 3,000 கார். தரம் என்று பெருமை பேசாமலே தரத்தைக் கண்ணால் காட்டிவிட்டார்கள்.

அடக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். சொல்லச் சரக்கு இருந்தது, அதனால் கத்த வேண்டியிருக்கவில்லை.

ஜப்பானின் முஜியும் அப்படித்தான். 1980-ல் சேயு சூப்பர்மார்க்கெட் 40 பொருட்களோடு ஆரம்பித்த பிராண்ட் அது. உடைந்த உலர்காளானையும் விற்றார்கள். சமைக்கும்போது எப்படியும் நறுக்கத்தானே போகிறோம்! காகிதத்தை வெளுக்கும் வேலையை விட்டுவிட்டார்கள், அதனால் அது மங்கிய பழுப்பாக வந்தது. இன்று உலகமே அதை 'முஜி ஸ்டைல்' என்று வியக்கிறது. அந்த நிறம் செலவைக் குறைத்ததால் வந்தது.

இதற்கு நேர்மாறாகக் கொஞ்ச காலம் முன்பு ஃபேஷன் பிராண்டுகள் வரிசையாக லோகோவை மொட்டையடித்தன. பர்பெரி 2018-ல் தடித்த, அலங்காரமில்லாத எழுத்துக்கு மாறியது. 2023-ல் பழைய லோகோவில் இருந்த குதிரைவீரனையே திரும்ப அழைத்துக்கொண்டது. அழித்ததற்குப் பதிலாகச் சொல்ல எதுவும் இல்லை என்றால் எளிமை வெறும் மொட்டைச் சுவராகத்தான் நிற்கும்.

ஆகவே டிசைன் துறை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளையண்ட் 'மினிமலா வேணும்' என்று வந்தால் உடனே ஃபான்ட் தேட உட்காராதீர்கள். தொழிற்சாலைக்கோ கடைக்கோ கூட்டிப்போகச் சொல்லுங்கள். எதைக் கழித்துக்கட்டுகிறீர்கள், எதற்காகப் பொருளைத் திருப்பி அனுப்புகிறீர்கள், எதில் காசு மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று சூப்பர்வைசரிடமே கேளுங்கள். மீட்டிங் அறையில் யாரும் சொல்லாத விஷயங்கள் அங்கேதான் கிடைக்கும்.