மேட்ச் விட்ட பிறகு வடக்கே போக வண்டி வேண்டும்

சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் ராத்திரி ஐபிஎல் ஆட்டம் நடந்தால் மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்துவிடும். பறக்கும் ரயில் (தூண்களுக்கு மேலே ஓடுகிற மின்சார ரயில்) ஸ்டேஷன் படிக்கட்டு முழுக்க மஞ்சள் சட்டை. மேலே ஏறவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் ஜனம் நிற்கும். அதற்குக் கீழே, "நம்ம ஆளுங்களுக்கு ஒழுங்கே கிடையாது", "இவனுங்களுக்கு எதுக்கு ஐபிஎல்" என்று எழுதியிருப்பார்கள். படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் வடசென்னையில் ராயபுரத்துக்காரன். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வீடு வந்து சேருகிறவன். அந்தப் படிக்கட்டில் நிற்கிற ஒவ்வொருவர் மனதிலும் ஓடுவது ஒரே கேள்வி: இந்த வண்டியை விட்டால் அடுத்த வண்டி உண்டா? அதற்குப் பதில் தெரியாததால்தான் தள்ளுகிறார்கள்.

பிரச்சினை கடிகாரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ராத்திரி ஆட்டம் ஏழரைக்குத் தொடக்கம். இருபது இருபது ஓவர், நடுவில் இடைவேளை, டைம் அவுட், ரிவ்யூ, பனியில் நனைந்த பந்தைத் துடைக்கிற நேரம் எல்லாம் சேர்த்தால் பதினொன்றேகால், பதினொன்றரை ஆகிவிடுகிறது. மழை வந்தால் கணக்கே கிடையாது. 2023 இறுதிப் போட்டியில் அகமதாபாத்தில் நம்ம சென்னை கோப்பையை வாங்கியபோது நேரம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு மேல். ஆனால் வடக்கே போகும் மின்சார ரயில் அட்டவணை, மேட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதினோரு மணிக்கெல்லாம் மூட்டை கட்டத் தொடங்கிவிடும்.

அடுத்த முறை மைதானத்துக்குப் போனால் பதினெட்டாவது ஓவரில் யார் எழுந்து போகிறார்கள் என்று பாருங்கள். 2025 சீசனில் கீழ்த்தட்டு டிக்கெட்டே 1,700 ரூபாய். அதைக் கொடுத்து வாங்கிவிட்டு, கடைசி இரண்டு ஓவர் மிச்சமிருக்கும்போது, அதுவும் தோனி பேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறவர் பெரும்பாலும் எண்ணூர்க்காரராக இருப்பார், இல்லையென்றால் மீஞ்சூர், அத்திப்பட்டு. பாதிப் படியில் இருக்கும்போது மைதானத்தில் சத்தம் எழும்பும். சிக்ஸா, விக்கெட்டா என்று தெரியாமல் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு நடையைக் கட்டுவார்கள். அப்படிக் கிளம்ப மனசு வராமல் கடைசிப் பந்துவரை உட்கார்ந்தவர்கள்தான் அந்த வீடியோவில் நிற்கிறவர்கள்.

ஸ்டேஷனுக்குள் நடப்பதைக் கிட்டேயிருந்து பார்த்தால் புரியும். கீழே டிக்கெட் கவுண்டர், மேலே பிளாட்பாரம், நடுவில் படிக்கட்டு. மேலே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் கீழே இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படியை நோக்கி வேகமெடுப்பார்கள். "அண்ணே, இதுதான் கடைசி வண்டியா?" "தெரியலப்பா, முதல்ல ஏறு!" இந்த இரண்டு வார்த்தை போதும், கூட்டம் இறுகிவிடும். "அடுத்த வண்டி பத்து நிமிஷத்தில் வருகிறது, அதற்குப் பிறகும் இரண்டு இருக்கிறது" என்று யாராவது ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் பாதிப்பேர் அப்படியே நின்று தண்ணீர் குடிப்பார்கள். அதே ஜனம்தான், அதே படிக்கட்டுதான்.

அந்த நேரத்தில் அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் மேட்ச் பார்க்க வந்தவர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். சேப்பாக்கம் மைதானத்துக்கு எட்டுகிற தூரத்தில்தான் கோஷா ஆஸ்பத்திரி இருக்கிறது. காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் இருந்து மகளையோ மருமகளையோ பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டுச் சாப்பாட்டு கேரியரோடு போய்வருகிற அம்மாக்கள் எத்தனையோ பேர். வாலாஜா சாலையில் விசில், கொடி, டி-ஷர்ட் விற்கிற பையன்கள், முகத்தில் வண்ணம் பூசிவிடுகிற பிள்ளைகள், ஆட்டம் முடிந்து அரங்கைப் பெருக்கிவிட்டுக் கிளம்புகிற பெண்கள். இவர்களுக்கு ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசு இருந்தால் ஏன் ரயிலுக்கு ஓடப்போகிறார்கள்?

"அதான் மெட்ரோ இருக்கே" என்பார்கள். இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது எங்கள் பக்கத்துக்குப் பெரிய வரம். அரசினர் தோட்டத்தில் ஏறினால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று நேராகப் போகலாம். மேட்ச் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் இலவசமாகப் போகிற ஏற்பாடு அண்மை சீசன்களில் வந்ததும் நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் மெட்ரோ திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் போகிற ஒரே கோடு. கொருக்குப்பேட்டைக்காரருக்கும் வியாசர்பாடிக்காரருக்கும் அதில் பாதி வழிதான். விம்கோ நகருக்கு வடக்கே கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று போகிறவர்களுக்கு மின்சார ரயிலைத்தான் நம்பியிருக்க வேண்டும். அந்தப் பாதையிலோ அத்திப்பட்டுக்கு மேல் இரண்டே தண்டவாளம். எக்ஸ்பிரஸ், சரக்கு, எலக்ட்ரிக் ட்ரெயின் எல்லாம் அதிலேயே ஓடியாக வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை 1856 ஜூலை 1 அன்று எங்கள் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்த ஊர்க்காரன் இன்றைக்கு ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பீச் (சென்னை கடற்கரை) ஸ்டேஷனில் வண்டிக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான் என்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

2023 ஆகஸ்ட் 27 முதல் 2024 அக்டோபர் 29 வரை பட்ட பாட்டை மறக்க முடியாது. எழும்பூர் - கடற்கரை நான்காவது பாதை வேலைக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலை நிறுத்திவிட்டார்கள். வேலை தேவையான வேலைதான். ஆனால் அந்தப் பதினான்கு மாதத்துக்குள் சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன, இந்தியா - ஆஸ்திரேலியா உட்பட. 2024 மே 26 அன்று ஐபிஎல் இறுதிப் போட்டியும் இங்கேதான். தெற்கே இருப்பவர்களுக்கு வேளச்சேரியிலிருந்து மைதான வாசல்வரை ரயில் வந்தது. வடக்கே இருப்பவர்களுக்கு வரவில்லை. சென்ட்ரலில் இறங்கி நடக்கவோ, பஸ் பிடிக்கவோ, மெட்ரோவுக்கு மாறவோ வேண்டியிருந்தது.

அந்தப் பாதை மூடிக்கிடந்தபோதே 2024 அக்டோபர் 6 வந்தது. மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. விளையாட்டுப் போட்டி இல்லைதான், ஆனால் கூட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, லட்சக்கணக்கான ஜனம், கொளுத்துகிற வெயில், ஒரு மணிக்கு நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வேளச்சேரி பிளாட்பாரத்திலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் ஜனம் நின்ற நிலையை நாடே பார்த்தது. அன்றைக்கு ஐந்து பேர் உயிர் போனது. வெயிலும் நீரிழப்பும் என்றார்கள். வெயில் ஒவ்வொரு வருடமும்தான் அடிக்கிறது. நிழலும் தண்ணீரும் ஏறிப்போக வண்டியும் இல்லாமல் மணிக்கணக்கில் நிற்க வைத்ததால்தான் அது ஆளைக் கொன்றது என்பது என் கருத்து.

நெரிசலில் சாகிறவர்கள் மிதிபட்டுச் சாகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் நின்றபடியே மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து ஆறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் யாருக்கும் தன் கால் தன் பேச்சைக் கேட்காது. கூட்டம் வெள்ளம் மாதிரி ஆளை இழுத்துக்கொண்டு போகும். பின்னால் தள்ளுகிறவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. 2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் குறுகலான நடைமேம்பாலத்தில் 23 பேர் செத்தார்கள். அகலமான பாலம் வேண்டும் என்று அதற்கு முன்பே பல வருடங்களாக ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2025 பிப்ரவரி 15 ராத்திரி புது டெல்லி ஸ்டேஷனில் 18 பேர். ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு வண்டிகள் பற்றிய அறிவிப்பில் ஏற்பட்ட குழப்பம் அங்கே என்று போலீஸ் சொன்னது. அதே வருடம் ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் 11 பேர், கோப்பை ஜெயித்த அணியைப் பார்க்க வந்த இளவயதுக்காரர்கள் பலர். அன்று மைதானத்துக்குப் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன்கள் இரண்டில் வண்டி நிற்காது என்று அறிவித்தார்கள். அப்படியும் அந்த நகர மெட்ரோவில் ஒரே நாளில் 9.66 லட்சம் பேர் போனார்கள். ஸ்டேஷனை மூடிவிட்டால் கூட்டம் வீட்டிலேயே இருந்துவிடாது. அடுத்த ஸ்டேஷனுக்கோ, ரோட்டுக்கோ போகும்.

இதைச் சமாளிக்க முடியாதா? கொல்கத்தாவில் ஈடன் கார்டனில் ஐபிஎல் ஆட்டம் என்றால் முடிந்த பிறகு எஸ்பிளனேடிலிருந்து மெட்ரோ சிறப்பு வண்டி விடுகிறார்கள். லண்டனில் வெம்பிளி மைதானம் விட்டதும் கூட்டத்தை ஸ்டேஷனுக்குள் மொத்தமாக விடமாட்டார்கள். வெளியே அகலமான நடைபாதையிலேயே நிறுத்தி, மேலே எத்தனை பேர் ஏற முடியுமோ அத்தனை பேரை மட்டும் பகுதி பகுதியாக அனுப்புவார்கள். நிற்பவருக்கு எரிச்சல்தான், ஆனால் படிக்கட்டில் யாரும் நசுங்கமாட்டார்கள். முன்கூட்டிக் கணக்குப் போடாவிட்டால் பணக்கார நாட்டிலும் இதே கதிதான். 2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஆட்டத்துக்கு ரயிலில் வருவோரை மிகக் குறைவாக எதிர்பார்த்தார்கள். வந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். செகாகஸ் ஸ்டேஷனில் ஜனம் மயங்கி விழுந்தது.

நமக்கு அந்தக் கணக்குப் போடுகிற சிரமம்கூட இல்லை. சேப்பாக்கத்தில் உட்காரக்கூடியவர்கள் ஏறத்தாழ 38,000 பேர். டிக்கெட் பெரும்பாலும் மொத்தமும் விற்றுவிடுகிறது. லீக் சுற்றில் சொந்த மண்ணில் ஒரு அணிக்கு ஏழு ஆட்டம். தேதியும் நேரமும் பல வாரங்களுக்கு முன்பே பேப்பரில் வந்துவிடுகின்றன. புயல் மாதிரி திடீரென்று வருகிற விஷயமே இல்லை இது.

வருடத்துக்கு ஏழு ராத்திரி. நான் கேட்பது அவ்வளவுதான். ராத்திரி வண்டிகள் நின்ற பிறகுதான் தண்டவாளத்தையும் மின்கம்பியையும் பராமரிக்கிறார்கள், அதைத் தொடக்கூடாது என்று ஒருவர் சொன்னார். நியாயமான பேச்சு. அந்த வேலை செய்கிறவர்களின் உயிரும் உயிர்தான். ஆனால் ஏழு ராத்திரிக்கு அதை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதற்கு முன்கூட்டித் திட்டம் போட முடியாது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பறக்கும் ரயிலில் சில மேட்ச் ராத்திரிகளில் சிறப்பு வண்டி விட்டும் இருக்கிறார்கள். அந்த வண்டி பீச் ஸ்டேஷனோடு நின்றுவிட்டால் எங்களுக்கு என்ன பிரயோஜனம்? பிளாட்பாரம் மாறி ஓடிப்போய்ப் பார்த்தால் கும்மிடிப்பூண்டி வண்டி போயிருக்கும். சேப்பாக்கத்துக் கூட்டத்தை அப்படியே பீச்சில் கொண்டுபோய் இறக்கிவைத்த மாதிரிதான் ஆகும்.

ஆகவே சேப்பாக்கத்திலிருந்து புறப்படுகிற வண்டி பீச்சோடு நின்றுவிடாமல் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை வழியாக நேராக மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வரை போக வேண்டும். தண்டவாளம் ஒன்றுக்கொன்று இணைந்தே இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து பீச் வழியாக ஆவடி, திருவள்ளூர் பக்கம் நேராக ஓடிய வண்டிகளில் நம்மில் பலர் போயிருக்கிறோம். புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். பெரம்பூர் பக்கம் இன்னொரு வண்டி. அப்புறம், கடைசி வண்டிக்கு நேரம் குறிக்க வேண்டாம். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து என்று குறியுங்கள். மழை வந்தாலும் சூப்பர் ஓவர் போனாலும் அது பொருந்தும்.

அதைவிட முக்கியமாக ஒன்று. இந்த விவரம் மைதானத்துக்குள்ளேயே, பதினைந்தாவது ஓவர் வாக்கில், பெரிய திரையில் தமிழில் வர வேண்டும். ரிவ்யூவுக்கும் விளம்பரத்துக்கும் இடமிருக்கிற திரையில் "கும்மிடிப்பூண்டி வண்டி 11.45, அடுத்தது 12.15" என்று இரண்டு வரிக்கு இடமில்லாமல் போகாது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிந்துவிட்டால் பதினெட்டாவது ஓவரில் எழுந்து ஓடமாட்டார், முடிந்ததும் படியில் முட்டிமோதவும் மாட்டார். அப்படியே ஸ்டேஷன் வாசலில் கயிறு கட்டிப் பகுதி பகுதியாக உள்ளே விட்டு, கேரியரோடு வருகிற அம்மாவுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் தனி வழி கொடுத்தால் போதும். போலீஸ் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறது.

பறக்கும் ரயிலை மெட்ரோவோடு சேர்க்கப் போகிறார்கள், அப்போது எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். சேரட்டும், சந்தோஷம். அதுவரைக்கும் எத்தனை சீசன் போகும்?

அடுத்த சீசன் அட்டவணை வந்த வாரத்திலேயே ரயில்வே கோட்ட மேலாளருக்கும், கிரிக்கெட் சங்கத்துக்கும், எங்கள் தொகுதி எம்பிக்கும் ஒரே மனுவாகக் கொடுப்பதாக எங்கள் தெரு நண்பர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். மேட்ச் பார்ப்பவராக இருந்தாலும், அந்த நேரத்தில் வேலை முடிந்து திரும்புகிறவராக இருந்தாலும், எந்த ஸ்டேஷனில் இறங்குவீர்கள், எத்தனை மணிவரை வண்டி இருந்தால் உதவும் என்று கீழே எழுதுங்கள். ஸ்டேஷன் வாரியாகத் தொகுத்து மனுவோடு இணைக்கிறேன். வண்ணாரப்பேட்டையிலும் எண்ணூரிலும் கையெழுத்து வாங்க ஆள் வேண்டும். முடிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.